தோளில் ஏறிய ஊர்



ஏதேனும் ஒரு நகரத்தின் வரலாற்றுச் சின்னங்களைப் பற்றி ஆண்டுதோறும் ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. மதுரையைப் பற்றியும் சென்னையைப் பற்றியும் எனக்கு முன்னே பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். எனக்கு அழைப்பு வந்தபோது, கொடைக்கானலைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். அது நகரமா, மலைவாசத்தலம்தானே என்று அமைப்பாளர்களுக்குத் தயக்கம் இருந்தது. நியாயமான தயக்கம்தான். ஆனால் பெரியகுளத்தில் இருக்கும் இந்த அரங்கின் வடக்குச் சன்னலைத் திறந்து பாருங்கள். நம் ஊருக்குச் சுவர் வைத்தது போல நிற்கிறதே, அந்த மலையின் உச்சியில் இருக்கிற பழைய கட்டடம் ஒவ்வொன்றுக்கும் வேர் கீழே ஏதோ ஒரு நகரத்தில் இருக்கிறது. அங்கே முதலில் எழுந்த பங்களாக்கள் மதுரையில் நடந்த சாவுகளால் எழுந்தவை. ஏரியை வெட்டியவர் மதுரையில் கலெக்டராக இருந்தவர். ஏரியில் மிதந்த முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கி சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து வந்தது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பின்னால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இருக்கின்றன. நகரங்களின் துண்டுகள் ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறிப்போய் ஓர் ஊராகக் கூடியிருக்கின்றன. அவை எப்படி ஏறின என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

ஒரு சொந்தச் செய்தியிலிருந்து தொடங்க அனுமதி வேண்டும். என் தாத்தா டோலி தூக்கியவர். தேவதானப்பட்டிப் பக்கத்துக்காரர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காரும் அவருக்கு முதுகு தேய்த்துவிடுவது என் வேலை. வலது தோளில், கழுத்தெலும்பை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு இருக்கும். அமுக்கினால் கல் மாதிரி இருக்கும். "வலிக்குதா தாத்தா?" என்றால், "இதுல என்னடா வலி, இதுதான்டா கோடைக்கானல்" என்பார். அவர் ‘கோடைக்கானல்' என்றுதான் சொல்வார். அரசாங்கப் பலகையில் ‘கொடைக்கானல்' என்று இருக்கிறது. சங்கப் பாட்டில் வருவது கோடைமலை. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் பாடிய கடிய நெடுவேட்டுவன் அந்தக் கோடைமலைக்குத் தலைவன். எது சரியென்று அறிஞர்கள் வாதிக்கட்டும். என் காதில் தாத்தாவின் நெடில்தான் இருக்கிறது.

1875-இல் ரயில் நம் பக்கம் வந்தது. அம்மையநாயக்கனூர் நிலையத்துக்குக் ‘கோடை ரோடு' என்று பெயர் வைத்தார்கள். அங்கே இறங்கும் துரைமார் மாட்டுவண்டியில் இரவெல்லாம் ஆடிக்கொண்டு மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து மலை. குதிரை உள்ளவர் குதிரையில், தெம்புள்ளவர் நடையில், மற்றவர்கள் டோலியில். பெட்டி, படுக்கை, பியானோ, கண்ணாடிச் சன்னல், சீமை ஓடு, பால்குடிக் குழந்தை எல்லாம் மனிதத் தலையிலும் தோளிலும்தான் ஏறின. வத்தலக்குண்டு வழியாக மோட்டார் ஏறும் சாலை, அதாவது லாஸ் காட் சாலை, பயன்பாட்டுக்கு வந்தது முதல் உலகப் போர்க் காலத்தில். 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களா எழுந்ததிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அந்த ஊர் முழுக்கவும் தோளில்தான் ஏறியது. அந்த எழுபது ஆண்டுகளின் கடைசிச் சிலவற்றில் என் தாத்தாவின் தோளும் இருந்தது. சாலை வந்ததும் அவருக்கு வேலை போயிற்று. சந்தையில் மூட்டை தூக்கப் போனார்.

இப்போது கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ஏரிக்கரையில் வேன் ஓட்டுநர் ஒரு அட்டையை நீட்டுவார். பன்னிரண்டு இடம் இவ்வளவு, பதினான்கு இடம் இவ்வளவு. கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக், குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட், சூசைடு பாயிண்ட். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம். ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் பிழைப்பு அது. கூட்டம் தாங்காமல் உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாகியிருக்கிறது. அத்தனை கூட்டத்திலும் அந்த மலையின் வரலாற்றைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் மிகக் குறைவு. அட்டையில் உள்ளவை பெரும்பாலும் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் இடங்கள். எட்டிப் பார்த்தால் மேகம் தெரியும். ஏறி வந்த பாதை அந்த மேகத்துக்கு அடியில் இருக்கிறது.

ஆகவே கீழிருந்து ஏற வேண்டும் என்பது என் முதல் விண்ணப்பம்.

1821-இல் நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் பி.எஸ். வார்டு, வெள்ளகவி என்ற குன்னுவர் கிராமத்தில் தங்கி அங்கிருந்துதான் மேலே ஏறினார். நல்ல காற்று, நல்ல தண்ணீர், ஒழுங்காகக் கட்டிய கிராமங்களில் ஏறக்குறைய 4,000 பேர் வாழ்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார். "வெள்ளைக்காரன் கண்டுபிடித்த ஊர்" என்று வழிகாட்டிகள் சொல்லும்போது இந்த 4,000 பேரைத் தயவுசெய்து நினைத்துக்கொள்ளுங்கள். குன்னுவர், பளியர், புலையர் என்று அங்கே ஏற்கெனவே குடிகள் இருந்தன. கீழே இறங்கும் தடங்களும் இருந்தன. அந்தத் தடத்தைத்தான் வார்டுக்குக் காட்டினார்கள்.

வெள்ளகவி இன்றும் இருக்கிறது. நம் கும்பக்கரை அருவியிலிருந்து ஏறலாம். மேலே வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வழியாக இறங்கலாம். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் நால்வரோடு மேலிருந்து இறங்கினேன். வேர்களே படிக்கட்டாகக் கிடக்கும் பாதை. எதிரே குதிரைகள் ஏறி வந்தன. இரு பக்கமும் சாக்கு மூட்டை, உள்ளே பட்டர் ஃப்ரூட். முன்னால் வந்த குதிரையின் கழுத்து மணிச் சத்தம் கேட்டதும் நாங்கள் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டோம். ஊர் எல்லைக்கு வந்ததும் கூட வந்தவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை; ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். வெறுங்காலோடு அந்தத் தெருவில் நடந்தபோது கல்லின் குளிர் உள்ளங்காலில் ஏறியது. ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த அம்மா எங்களுக்குக் கடுங்காப்பி கொடுத்தார். வீட்டுக் கொல்லைக் காப்பிக்கொட்டை. "சீக்குன்னா என்ன செய்வீங்க அம்மா?" என்று என் மாணவி கேட்டாள். "டோலி கட்டித் தூக்கிட்டுப் போவாங்க கண்ணு" என்றார். நான் நடந்த நாள்வரை அந்த ஊருக்கு வண்டி போகும் சாலை கிடையாது. வார்டு ஏறி இருநூறு ஆண்டுகள் ஆனபிறகும் அவருக்கு வழிகாட்டிய ஊரில் டோலி இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அந்தக் காப்பியைக் குடித்து முடிக்க எனக்கு நேரமாயிற்று.

வார்டுக்குப் பிறகு 1834-இல் மதுரை சப்-கலெக்டர் ரோட்டனும் சென்னை வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டனும் பெரியகுளத்திலிருந்து ஏறிச் செண்பகனூரில் ஒரு சிறு பங்களா கட்டினார்கள். அதே 1834-இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது. மதுரையின் வெயிலும் காய்ச்சலும் வாந்திபேதியும் அந்த மிஷனரிகளின் மனைவிமாரையும் பிள்ளைகளையும் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் ஓய்விடம் தேடினார்கள், அங்கேயும் காய்ச்சல். அதன் பிறகே 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். ஊட்டியைப் போல அரசாங்கம் உண்டாக்கிய ஊர் இல்லை இது. இறந்த பிள்ளைகளின் துயரத்தில் பிறந்த ஊர். அந்தத் தாய்மாரின் துயரம் உண்மையானது. அதே காய்ச்சலில் பெரியகுளத்திலும் மதுரையிலும் இறந்த நம் பிள்ளைகளுக்கு மலை மேல் வீடு கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான்.

ஏரியைச் சொல்ல வேண்டும். மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு 1863-இல் ஓடைகளை மறித்துக் கரை போட்டார். ஏரி நட்சத்திர வடிவில் அமைந்தது, சுமார் 60 ஏக்கர். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார்; ஏரியில் மீன் விட்டார். ஓய்வு பெற்றபின் அங்கேயே குடியேறி 1885-இல் இறந்தார். அந்த ஊரின்மேல் அவர் வைத்த அன்பில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் ஒரு முறை கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள்: தூத்துக்குடியில் கட்டிய ஒரு படகு கடலைப் பார்த்துவிட்டு, மாட்டுவண்டியில் இவ்வளவு தூரம் வந்து, இந்த அடிவாரத்தில் இறக்கப்பட்டு, எத்தனை ஆளின் தோளில், எத்தனை வளைவில் திரும்பி, எத்தனை இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கி மேலே போயிருக்கும்! இன்றைக்கு நாம் அரைமணி நேரம் மிதிபடகு ஓட்டிவிட்டு வருகிறோம். லெவிஞ்சுக்குக் கோக்கர்ஸ் வாக் அருகே நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தக் கோக்கர்ஸ் வாக்கும் 1872-இல் கோக்கர் என்ற ராணுவப் பொறியாளர் பெயரால் அமைந்ததுதான். சுமந்தவர்களின் பெயர் ஏரியைச் சுற்றி எங்கும் பொறிக்கப்படவில்லை.

செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம், 1866-இல் கட்டப்பட்ட லா சலேத் மாதா கோயில், 1901-இல் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளி ஆகியவற்றை வேகமாகக் கடக்கிறேன். பார்க்கத் தகுந்தவை. லா சலேத் திருவிழாவுக்கு ஆகஸ்ட் மாதம் மலையெங்கும் இருந்து சனம் வரும், அன்றைக்குப் போய்ப் பாருங்கள். எனக்கு நேரம் தேவைப்படுவது வேறோர் இடத்துக்கு.

1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. நம் பாட்டிமார் ‘தாது வருஷம்' என்று சொல்லும்போதே குரல் தாழும். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அரசாங்கத்தை உலுக்கியது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் கூடுவதற்கும் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அன்றைய அறிஞர்கள் கருதினார்கள். அப்படியானால் சூரியனை நாள்தோறும் பார்க்க வேண்டும். மேகமும் புழுதியும் குறைந்த உயரமான இடம் வேண்டும். அந்தத் தேடல் கொடைக்கானலில் வந்து நின்றது. 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-இல் சென்னை வானாய்வுக் கூடத்தின் கருவிகள் மலையேறத் தொடங்கின. 1901-இல் ஆய்வு தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். ஓய்வுக்குப் பிறகும் கீழே இறங்க மனமில்லாமல் 1922-இல் அங்கேயே காலமானார்.

சென்னைக்குப் போகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோட்டையும் சாந்தோமும் கபாலீசுவரர் கோயிலும் பாருங்கள். பார்த்துவிட்டு நுங்கம்பாக்கத்தில் வானிலை மையத்து வளாகத்தில் இருக்கும் கருங்கல் தூணையும் கேட்டுப் பாருங்கள். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வானாய்வுக் கூடம் கட்டியபோது கருவியைத் தாங்க நிறுத்திய தூண் அது. அதில் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறது. அந்தக் கூடத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது நம் மக்களுக்கும் புரிய வேண்டுமென்று நாட்டு மொழிகளில் சிறுநூல் எழுதியவர். தூண் நுங்கம்பாக்கத்தில் நின்றுவிட்டது. கருவிகள் கொடைக்கானலுக்கு வந்தன. ஒரே சின்னம் இரண்டு ஊரில் பாதி பாதியாக இருக்கிறது. சென்னையில் ஒரு பாதி பார்த்தவர் மறுபாதியைப் பார்க்க மலையேற வேண்டும்.

அந்தக் கருவிகளில் ஒன்று 1850-இல் சென்னைக்காக வாங்கிய ஆறு அங்குலத் தொலைநோக்கி. 1898-இல் அதைப் புதுப்பித்தார்கள். வானம் தெளிவான நாள்தோறும் சூரியனைப் படம் எடுக்கும் பணிக்கு அது வந்தது. 1899-இல் மோட்டார் சாலை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கோடை ரோடு வரை ரயில், அடிவாரம் வரை மாடு, அதற்கு மேல் மனிதன். ஒரு லென்சு கீறினால் போச்சு. கால் வழுக்கும் பாதையில், அட்டைப்பூச்சி கடிக்கும் சோலையில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் நம் ஆட்கள். சேர்த்ததற்குச் சாட்சி அந்தக் கூடமே.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே ஒரு கரும்புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். நிறமாலையில் உள்ள கருங்கோடுகள் புள்ளியின் ஓரத்தில் சற்றே விலகியிருந்தன. கரும்புள்ளியின் ஓரத்திலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்று அதிலிருந்து கண்டார். இன்றைக்கு உலகத்தில் எந்த நாட்டில் சூரிய இயற்பியல் படித்தாலும் ‘எவர்ஷெட் விளைவு' என்று ஒரு பாடம் இருக்கும். அந்தப் பாடம் நம் சன்னலில் தெரியும் இந்த மலையில் எழுதப்பட்டது. அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சூரியப் பிழம்புகளை அங்கிருந்தே ஆராய்ந்தார்.

மழைக்கும் கரும்புள்ளிக்கும் அவர்கள் தேடிய நேரடிக் கணக்கு கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கூடம் தோற்றுவிட்டதா? 1904 முதல் அங்கே சூரியனின் அன்றாடப் படங்கள் கண்ணாடித் தகடுகளில் சேர்ந்து வந்தன. கரும்புள்ளிகளின் ஏற்ற இறக்கம் பதினோரு ஆண்டுக்கு ஒரு சுற்று. நூறாண்டுக்கு மேல் ஒரே இடத்தில், பெரும்பாலும் ஒரே முறையில் எடுத்த படங்கள் என்றால் அது ஒன்பது சுற்றுக்கு மேல். இத்தகைய தொடர் உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. இப்போது அந்தத் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினியில் ஏற்றியிருக்கிறது. பல நாட்டு ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். பஞ்சத்தில் செத்தவர்களின் பெயரால் தொடங்கிய வேலை இது. தஞ்சைக் கோபுரத்தையும் மதுரைத் தூண்களையும் நாம் எந்தப் பெருமிதத்தோடு காட்டுகிறோமோ அதே பெருமிதத்தோடு இந்தக் கண்ணாடித் தகடுகளையும் நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அங்கே பார்வையாளருக்கென்று ஒரு சிறு காட்சிக்கூடம் உண்டு. இருட்டறையில் வெள்ளைப் பரப்பின் மேல் சூரியனின் பிம்பம் விழுகிறது. தட்டளவு வட்டம், ஓரம் சற்று மங்கி, நடுவே மிளகு சிதறியது போல இரண்டு மூன்று புள்ளிகள். நான் போயிருந்த அன்று ஒரு பையன் அதைத் தூசி என்று நினைத்துக் கையால் துடைத்தான். அவன் புறங்கையில் புள்ளி ஏறிக்கொண்டது. அவன் கையை எடுக்கவே இல்லை. அவன் அம்மா கூப்பிட்டும் எடுக்கவில்லை.

செண்பகனூருக்கு இறங்குவோம். 1895-இல் இயேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரியும் அதன் அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன. பாடம் செய்த பறவை, பூச்சி, பாம்பு, ஆர்க்கிட் தோட்டம் ஆகியவற்றைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நீங்கள் கல்லைப் பாருங்கள். அங்கிருந்த ஆங்கிலாது பாதிரியார் இந்த மலையிலுள்ள கற்திட்டைகளைத் தேடித் தேடி நடந்து அளந்து வரைந்தார். நியூட்டன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பழனிமலைக் கற்திட்டைகளைப் பற்றி இன்றும் அதுதான் அடிப்படை நூல்.

கற்திட்டையை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பாறையின் மேலேயே மூன்று பக்கம் பலகைக்கல் நிறுத்தி, மேலே பெரிய மூடுகல் ஏற்றி, சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு ஆள் குனிந்து உள்ளே போகலாம். பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் பல ஊர்களில் சொல்வார்கள். இறந்தவர்களுக்காக எடுத்தவை அவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. அப்போதே அந்தக் கல்லை அறுத்து, தூக்கி, நிறுத்தியிருக்கிறார்கள். துரைமாரின் முதல் பங்களாவுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் கட்டடம் உண்டு.

தாண்டிக்குடியில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அகழாய்வு செய்தார். மேற்கே சேர நாட்டுக்கும் கிழக்கே பாண்டிய நாட்டுக்கும் இடையில் மிளகும் ஏலமும் போன மலைவழிகளின் மேல் அந்த ஊர் இருந்ததை அவருடைய ஆய்வுகள் தெளிவாக்கின. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குடி என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வணிகன் தாண்டினானோ முருகன் தாண்டினானோ, தாண்டிப் போகும் வழி என்பது ஊர்ப்பெயரிலேயே தங்கிவிட்டது. இந்தக் கற்திட்டைகளுக்கு வேலி கிடையாது. ஒரு காப்பித் தோட்டத்தில் மூடுகல்லைப் புரட்டி ஓடைக்குக் குறுக்கே பாலமாகப் போட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். தோட்டக்காரரிடம் கேட்டேன். "நல்ல கல்லு சார், சும்மா கிடந்துச்சு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன கல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன்; முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாற்று ஆசிரியன்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு வருகிறேன். 1936-இல் எழுந்த கோயில். கட்டியவர் லீலாவதி இராமநாதன், ஆஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவ நெறிக்கு வந்தவர். கொழும்பில் பொன்னம்பலவாணேசுவரத்தைக் கருங்கல்லால் எடுப்பித்தவர் இராமநாதன். யாழ்ப்பாணத்தில் மகளிர் கல்லூரி கண்டவர். அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து அந்த அம்மையார் இந்த மலையில் முருகனுக்குக் கோயில் எடுத்தார். இன்று அது பழனித் தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் அந்த முற்றத்தில் ஒரு பக்கம் பழனி தெரியும். மறுபக்கம் வைகை அணை மின்னும். யாழ்ப்பாணத்திலிருந்து மதுரை வழியாக மிஷனரிகள் காய்ச்சலுக்குப் பயந்து ஏறிய அதே மலைக்கு, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, யாழ்ப்பாணத்துத் தமிழரின் துணைவியார் பக்தியோடு ஏறியிருக்கிறார். கோயிலின் பெயரை நினைவூட்டும் நீலக்குறிஞ்சி இந்த மலையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்கள் அதற்குள் வேலைக்குப் போய்விடுவீர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இன்னும் இரண்டு இடங்கள். காஷ்மீரின் ஷேக் அப்துல்லா 1965-இல் கைதானபின் காவலில் வைக்கப்பட்ட ‘கோகினூர்' பங்களா அங்கே இருக்கிறது. வடகோடியின் அரசியல் தென்கோடியின் மலையில் அடைபட்டிருந்த இடம் அது. மற்றொன்று யாரும் பார்க்கப் போகாத இடம்: பாதரசக் கழிவால் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை. அங்கே வேலை பார்த்த 591 பேர் பதினைந்து ஆண்டுகள் போராடி 2016-இல் உடன்பாடு பெற்றார்கள். வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் அந்த ஆலையின் மதிலையும் சேர்க்கிறேன். தோளில் சுமந்தவர்களைப் போலவே இவர்களும் சுமந்தார்கள். இவர்களுடைய சுமை உடம்புக்குள் இருந்தது.

அரசுக்கும் ஊராட்சிகளுக்கும் இந்த மேடையிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்தும் கும்பக்கரையிலிருந்தும் மேலேறும் பழைய நடைபாதைகளை வரலாற்றுச் சின்னங்களாக அறிவியுங்கள். வேறெதுவும் கட்ட வேண்டாம். காட்டைத் தொட வேண்டாம். எந்த ஆண்டு முதல் யார் யார் என்னென்ன சுமந்து ஏறினார்கள் என்று ஒரு கல்லில் தமிழில் வெட்டி வையுங்கள் போதும். வெள்ளகவிக்காரர்கள் என்ன கேட்கிறார்களோ அதை முதலில் செய்து கொடுத்துவிட்டு அந்தக் கல்லை வையுங்கள். மலையிலுள்ள கற்திட்டைகள் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எந்தத் தோட்டத்தில் இருக்கிறதோ அந்தத் தோட்டக்காரரையே காவலராக்குங்கள். அவர்கள் செய்வார்கள். சொன்னால் செய்வார்கள்.

உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டுப் பக்கங்களில் டோலி தூக்கிய, சுமை ஏற்றிய, குதிரை ஓட்டிய முன்னோர் இல்லாத குடும்பம் குறைவு. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். என்ன பெயர், எந்த வழியில் ஏறினார்கள், எங்கே இறக்கி வைத்துச் சோறு தின்றார்கள், என்ன கூலி என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதை இந்தக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். அதற்கென்று ஒரு பேரேடு போடுவதாக நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் பக்கத்தில் என் தாத்தாவின் பெயரை இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.